தாம்பூலப் பையில் போன அட்டை

நாற்றுப்பண்ணையிலிருந்து விற்பனைக்குப் போகும் கன்றில் ஓர் அட்டை தொங்க வேண்டும் என்பதையும், அந்த அட்டையில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதையும் புதிய விதை ஆய்வாளர்களான உங்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லியிருப்பார்கள். பயிர், ரகம், பண்ணையின் பெயர், உரிம எண், குவியல் எண். குவியல் என்றால் ஒரே தாய்மரங்களிலிருந்து எடுத்து, ஒரே பாத்தியில், ஒன்றாக வளர்த்த கன்றுகளின் கூட்டம் என்பதும் உங்களுக்குத் தெரியும். அவற்றையெல்லாம் மறுபடி சொல்லி உங்கள் பொறுமையைச் சோதிக்க மாட்டேன். விதை ஆய்வாளராகக் கடலூரிலும் சிதம்பரத்திலும் நான் வேலை பார்த்த காலத்தில், அத்தனை அட்டைகளையும் ஒரு கல்யாண வீட்டார் அறுத்துப் போட்டுவிட்ட ஒரு பிற்பகலைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். நீங்கள் எப்போதாவது, சட்டம் கைக்கு எட்டாத இடத்தில் நின்றுகொண்டு முடிவெடுக்க வேண்டியிருந்தால், அது உதவக்கூடும்.

அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். ஆழிப்பேரலைக்கு அடுத்த ஆண்டு தேவனாம்பட்டினத்தில் பலரும் வந்து தென்னங்கன்று கொடுத்துவிட்டுப் போனார்கள். நல்ல மனத்தோடு கொடுத்தார்கள். எதிலும் அட்டை இல்லை. இரண்டு ஆண்டு கழித்து நான் அங்கே போனபோது, ஓர் அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தன் வீட்டுப் பின்புறத்தைக் காட்டினார். உப்பேறிய மண்ணில் மற்றக் கன்றுகள் சுருண்டுவிட, ஒன்று மட்டும் தெம்பாக நின்றது. "இதே ஜாதியில இன்னும் நாலு வேணும் மேடம். எங்க கெடைக்கும்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கொடுத்தவர்களுக்கும் தெரியவில்லை. அட்டை என்பது குற்றம் கண்டுபிடிக்கத்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். நல்லதைத் தேடித் திரும்பிப் போகவும் அதுதான் வழி என்று அன்று புரிந்தது.

இப்போது ஸ்டெல்லாவிடம் வருகிறேன்.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் ஸ்டெல்லா நாற்றுப்பண்ணை தொடங்கியது 2008இல். வணிகவியல் படித்தவர்; கணவர் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். அந்த வீட்டில் எல்லாருமே படித்து மாதச் சம்பளத்துக்குப் போனவர்கள். இவர் ஒருவர் மட்டும் செடி வளர்க்கிறேன் என்று கிளம்பியதில் மாமியாருக்கு ஏகப்பட்ட வருத்தம். உரிமம் கைக்கு வந்த அன்று, அதைச் சட்டம் போட்டு மாட்டி, அதற்குப் பக்கத்தில் இயேசுவின் படத்தைச் சற்று நகர்த்தி வைத்திருந்தார். ஆய்வுக்குப் போன நான் சிரித்துவிட்டேன். "அவரு கோச்சிக்க மாட்டாரு மேடம். நீங்கதான் கோச்சிப்பீங்க" என்றார்.

அட்டை கட்டுவதில் அவருக்கு ஒரு வீம்பு இருந்தது. பலரும் பிளாஸ்டிக் பையின் வாயில் அட்டையைச் செருகிவிடுவார்கள். இவர் தண்டில் தளர்வாகக் கட்டி, இரட்டை முடிச்சுப் போடுவார். பை கிழிந்துவிடும், செடி மண்ணுக்குப் போய்விடும், அட்டை செடியோடுதான் போக வேண்டும் என்பது அவர் கட்சி.

2009 ஆவணியில் அவருக்கு முதல் பெரிய வேலை வந்தது. குமராட்சிப் பக்கத்துக் கலியபெருமாள் தன் மகள் கயல்விழியின் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கெல்லாம் தாம்பூலப் பையோடு ஆளுக்கொரு எலுமிச்சைக் கன்று கொடுக்க முடிவு செய்திருந்தார். அந்தச் சமயத்தில் அது புதுப் பழக்கம். பார்த்தவர்கள் பேசிக்கொள்வார்கள் என்ற ஆசை. யோசனை கலியபெருமாளுடையது அல்ல, அவர் மைத்துனர் முருகையனுடையது. கயல்விழிக்குத் தாய்மாமன். கல்யாண வேலை முழுவதையும் தலையில் போட்டுக்கொண்டு, சாப்பிடக்கூட உட்காராமல் ஓடுகிற மனிதர். சிதம்பரத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். ஸ்டெல்லா தன் பாத்தியிலிருந்து கன்றுகளைப் பொறுக்கி எடுத்து, அட்டை கட்டி, வண்டியில் ஏற்றி அனுப்பினார்.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் பிற்பகல். நான் சிதம்பரம் கீழவீதிப் பக்கம் ஒரு விதைக் கடையில் ஆய்வில் இருந்தேன். ஸ்டெல்லாவிடமிருந்து தொலைபேசி.

"மேடம், மண்டபத்துக்கு வர முடியுமா? என் செடிய ஒரு போட்டோ எடுத்துக்கலாம்னு வந்தேன். இங்க ஒண்ணு சரியில்ல."

குரலை அவர் அடக்கிப் பேசிய விதத்திலேயே விஷயம் சின்னது இல்லை என்று தெரிந்தது. போனேன்.

மண்டபத்தின் பின்னால், சமையற்கூடத்துக்கும் கிணற்றடிக்கும் இடையில், கன்றுகளை நெருக்கமாக அடுக்கி வைத்திருந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. எல்லாத் தண்டிலும் பளபளவென்று தங்க நிற அட்டை. மணமக்களின் பெயர், ஒரு குத்துவிளக்குப் படம், அதற்குக் கீழே சிறிய எழுத்தில் "கன்றுகள்: ஸ்டெல்லா நாற்றுப்பண்ணை". விதிப்படி ஸ்டெல்லா கட்டியனுப்பிய எங்கள் வெள்ளை அட்டை ஒன்றுகூட இல்லை.

ஸ்டெல்லா ஒரு கன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். இலையில் மஞ்சள் வளையம் சூழ்ந்த பழுப்புப் புள்ளிகள். விரலால் தடவினால் சொரசொரத்தது. எலுமிச்சைச் சொறி நோய். பக்கத்தில் இன்னும் சில.

"இது என் பாத்தியில வந்தது இல்ல மேடம்" என்றார்.

முருகையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். என்னை ஸ்டெல்லாவின் உறவு என்று நினைத்துக்கொண்டார். "வாங்க வாங்க, காபி சாப்ட்டீங்களா?" யார் என்று சொன்னதும், "ஆபீசரா? சந்தோஷம். ஒரு தபா பாருங்க, எப்டி ஜோரா இருக்கு" என்று கன்றுகளைக் காட்டினார்.

வெள்ளை அட்டை எங்கே என்று கேட்டேன்.

"அதுவா. ஆஸ்பத்திரியில பச்சப்புள்ள கால்ல கட்டுவாங்களே, அப்டி இருந்துச்சு. கல்யாண வீட்டுக்கு நல்லாவா இருக்கும்? பொம்பளைங்கள உட்கார வெச்சு எல்லாத்தையும் அறுத்துட்டு நம்ம அட்டையக் கட்டச் சொன்னேன். கீழ பாருங்க, அந்தம்மா பண்ண பேரையும் போட்டிருக்கேன். அவுங்க கேக்கவே இல்ல. நானாத்தான் போட்டேன். வளரட்டுமே."

ஸ்டெல்லா தரையைப் பார்த்தார்.

எல்லாக் கன்றும் இவருடைய பண்ணையிலிருந்து வந்தவையா என்று கேட்டேன்.

"ஜாஸ்தி பேருக்குப் பத்திரிகை வெச்சுட்டாரு எங்க மச்சான். கணக்குல இடிச்சுது. பைபாஸ்ல ஒருத்தன் வண்டியில வெச்சு வித்துக்கிட்டிருந்தான். கொஞ்சம் வாங்கிச் சேத்துட்டேன். எலுமிச்ச எலுமிச்சதானே."

அந்தக் கன்றுகளுக்கு அட்டை இருந்ததா?

"அதுல ஒண்ணுமே இல்ல. அறுக்குற வேல மிச்சம்."

நிலைமை இதுதான். இரண்டு இடத்துக் கன்றுகள் ஒன்றாகக் கலந்துவிட்டன. ஒரே கறுப்புப் பை, ஒரே உயரம், ஒரே தங்க அட்டை. புள்ளி விழுந்தவற்றை எடுத்துவிடலாம். ஆனால் நோய் தொற்றிய கன்று உடனே காட்டிக்கொடுக்காது. மறுநாள் காலை இவை குமராட்சியிலிருந்து கடலூர் வரை எத்தனையோ வீட்டுக் கொல்லைகளுக்குப் போகும். நோய் அங்கே வெளிப்படும்போது, அட்டையில் இருக்கப்போகும் பண்ணைப் பெயர் ஒன்றுதான். ஸ்டெல்லா தன் கையால் வளர்க்காத செடிகளிலும் அவர் பெயர் தொங்குகிறது, அதுவும் அவரைக் கேட்காமலே. உரிமம் வாங்கி ஓராண்டுகூட முழுதாக ஆகாத பண்ணை அதோடு முடிந்துவிடும்.

விஷயத்தைச் சொன்னேன். முருகையன் கேட்டுக்கொண்டார். பிறகு சட்டென்று முகம் தெளிந்தது.

"அவ்ளோதானே. அறுத்த அட்டையெல்லாம் சாக்குல இருக்கு. திரும்பக் கட்டிடச் சொல்றேன். அர மணி நேர வேல."

"எதை எதில் கட்டுவீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் சாக்கைப் பார்த்தார், கன்றுகளைப் பார்த்தார், மறுபடி சாக்கைப் பார்த்தார். செடியிலிருந்து பிரிந்த அட்டை வெறும் காகிதம் என்பதை நான் எந்த வகுப்பிலும் இவ்வளவு சுலபமாக விளக்கியதில்லை.

"அப்ப புள்ளி இருக்குறத மட்டும் தூக்கிப் போட்டுட்டு மீதியக் குடுத்துடறோம்" என்றார். போதாது என்றேன். அவருக்குக் கோபம் வந்தது. அது நியாயமான கோபம். "மேடம், விடிஞ்சா முகூர்த்தம். செடி குடுக்கறோம்னு ஊரு பூரா சொல்லியாச்சு. இப்ப வந்து கெடையாதுன்னா, மாப்ள வீட்டுக்காரங்க என்னா பேசுவாங்க? உங்களுக்கு நடவடிக்க எடுக்கணும்னா விக்கிறவங்க மேல எடுங்க. நாங்க காசு குடுத்து வாங்கினவங்க."

ஸ்டெல்லா அப்போதுதான் நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார்.

இளம் நண்பர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். முருகையன் சொன்னது சட்டப்படி சரி. என் அதிகாரம் விற்பனையோடு நின்றுவிடுகிறது. பெண்ணின் தகப்பன் விருந்தாளிக்கு ஒரு செடியை அன்பளிப்பாகக் கொடுப்பதை நான் தடுக்க முடியாது. பைபாஸ் வண்டிக்காரனின் பெயரோ ஊரோ யாருக்கும் தெரியாது. என்னால் செய்ய முடிந்தது ஒன்றே: ஸ்டெல்லாவுக்கு விற்பனைத் தடை ஆணை கொடுப்பது. பையில் படிவம் இருந்தது. கொடுத்திருந்தால் என்னை யாரும் ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். நோய் கண்ட கன்று, அதில் பண்ணையின் பெயர், ஆய்வாளர் நடவடிக்கை என்று கோப்பு மிக அழகாக இருந்திருக்கும். ஆனால் கன்றுகள் மறுநாள் காலை அதே போல் கொல்லைகளுக்குப் போயிருக்கும். தண்டனை மட்டும், அட்டையை இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டிய ஒரே ஆளுக்குப் போயிருக்கும்.

எனவே பையைத் திறக்கவில்லை. "பெண்ணிடம் ஒரு வார்த்தை பேசலாமா?" என்று கேட்டேன். அவருடைய கல்யாணம், அவர் பெயர் போட்ட அட்டை. எனக்கு வேறு நியாயம் எதுவும் தோன்றவில்லை.

"அது இன்னா சொல்லப் போவுது, சின்னப் பொண்ணு" என்று முருகையன் முணுமுணுத்தாலும் கூட்டிக்கொண்டு போனார்.

கயல்விழி ஒரு பக்கத் தலையில் மட்டும் பூ வைத்த நிலையில், இரண்டு கையிலும் மருதாணியோடு உட்கார்ந்திருந்தார். செம்மங்குப்பம் தொழிற்பேட்டையில் ஒரு ஆலையின் தரப் பரிசோதனைக் கூடத்தில் வேலை என்று எனக்கு அதுவரை தெரியாது. நான் பாதி சொல்வதற்குள் அவர் முருகையன் பக்கம் திரும்பினார்.

"மாமா, ரெண்டு பேட்ச்சையும் ஒண்ணாக் கலந்துட்டியா?"

"கலக்கல கண்ணு. பக்கத்துல பக்கத்துல வெச்சேன்."

"லேபிள எடுத்துட்டு?"

முருகையன் கூரையைப் பார்த்தார்.

"எங்க லேப்ல இந்த மாரி ஒருத்தன் பண்ணா, ரெண்டு பேட்ச்சுமே ஹோல்டு. நல்லது எது கெட்டது எதுன்னு தெரியலன்னா, நல்லதும் வெளிய போவாது. அதுல பாவ புண்ணியமே பாக்க மாட்டோம். குடுக்காத மாமா. என் பேரு போட்டு எங்கயாச்சும் சீக்குச் செடி நிக்கிறதா?"

"வர்றவங்களுக்கு இன்னா பதில் சொல்றது?"

"உனக்கா பேசத் தெரியாது?"

தலைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்த பெண் சிரித்துவிட்டார். முருகையன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். கிணற்றடியில் கொஞ்ச நேரம் நின்றார். கலியபெருமாள் அந்த வழியாக வந்து, "என்னா மச்சான், எல்லாம் சரியாப் போவுதா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பந்தல்காரரைத் தேடிப் போனார்.

முருகையன் ஸ்டெல்லாவிடம் கேட்டார்: "ஏம்மா, உங்க பண்ணையில வேற செடி இருக்கா?"

"இருக்கு அண்ணே. கொஞ்சம் எளசு. மழ வந்ததும் நடுற பதத்துக்கு வந்துடும்."

"அப்ப ஒண்ணு பண்றோம்." அவர் ஒரு கன்றிலிருந்து தங்க அட்டையை அவிழ்த்து உயர்த்திப் பிடித்தார். "நாளைக்கு இந்த அட்டைய மட்டும் தாம்பூலப் பையில போடறோம். மழ விழுந்ததும் அவுங்கவுங்க இத எடுத்துக்கிட்டு உங்க பண்ணைக்கு வந்து செடி வாங்கிக்கட்டும். ஆவணி வெயில்ல செடியத் தூக்கிட்டுப் போயி என்னா பண்ணப் போறாங்க? பாதிய பஸ்ஸுலயே உட்டுடுவாங்க." தன் பேச்சில் தானே நம்பிக்கை கொண்டு, "இதான் மொறையே" என்று முடித்தார். புதுக் கன்றுகளுக்கான விலையை அவரும் ஸ்டெல்லாவும் அங்கேயே நின்று பேசித் தீர்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை நானும் போயிருந்தேன். கயல்விழி வரச் சொல்லியிருந்தார். தாலி ஏறியதும் முருகையன் நாதசுரக்காரரின் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார். "கல்யாணத்துக்கு வந்திருக்குற எல்லாருக்கும் வணக்கம். உங்க பையில ஒரு அட்ட இருக்கும். அத யாரும் தூக்கிப் போட்டுடாதீங்க. அது அட்ட இல்ல, செடி." மண்டபம் சிரித்தது. மாப்பிள்ளை வீட்டார் வரிசையிலிருந்து ஒரு பெரியவர், "இலையில சோத்துக்குப் பதிலா சீட்டு வெச்சுடாதப்பா" என்று குரல் கொடுத்தார். அதற்கு இன்னும் பலமான சிரிப்பு. முருகையனும் சேர்ந்து சிரித்தார். கௌரவம் போய்விடும் என்று அவர் பயந்தது அந்தச் சிரிப்பில் கரைந்துபோனதை நான் பார்த்தேன்.

கலந்துபோன கன்றுகளை என்ன செய்வது என்ற கேள்வி மிச்சம் இருந்தது. ஸ்டெல்லாவின் பண்ணைக்குத் திருப்பி அனுப்பினால் அங்கிருப்பவற்றுக்கும் தொற்றும். முருகையனுக்கு ஊருக்கு வெளியே ஒரு காலி மனை இருந்தது. அதில் இறக்கிவைத்துக் கவனித்துப் பார்ப்பதென்று முடிவாயிற்று. நல்லவையாக நிற்பவை எவை என்று தெரிந்தால் அவற்றையாவது காப்பாற்றலாம் என்று அவருக்கு ஒரு நப்பாசை. அவரே காலையில் கடை திறக்கும் முன் போய்த் தண்ணீர் ஊற்றினார். எனக்குத் தொலைபேசியில் அறிக்கை வரும். "மேடம், இன்னிக்கு மூணு பேருக்கு அம்ம போட்டிருக்கு." சில நாள் கழித்து, "நேத்து வரைக்கும் நல்லா இருந்தவனுக்கும் போட்டுடுச்சு மேடம். கிட்டக்க கிட்டக்க வெச்சது தப்போ?" முதல் மழைக்குப் பிறகு அவரிடமிருந்து எண்ணிக்கை வரவில்லை. நேரில் போய்ப் பார்த்தேன். பெரும்பாலானவற்றில் புள்ளி. அன்று பிற்பகல் மண்டபத்தில் நாங்கள் கையில் எடுத்துப் பார்த்து, சுத்தமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கக்கூடிய கன்றுகள்தாம் அவை.

"இதெல்லாம் எங்க சொந்தக்காரன் வீட்டுக்குப் போயிருக்கும்" என்றார் முருகையன். பிறகு அவரே குழி வெட்ட ஆள் வைத்து, அத்தனையையும் எரித்துப் புதைத்தார். அந்த மனையில் இப்போதைக்கு எலுமிச்சை வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முன் அவரே சொன்னார்.

ஐப்பசியில் மழை பிடித்ததும் ஸ்டெல்லாவின் பண்ணைக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். தங்க அட்டையைப் பணப்பையில் வைத்துக்கொண்டு வந்தவர்கள், சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்தவர்கள், மினிபஸ்ஸில் கூட்டமாக வந்து இறங்கிய குமராட்சிக்காரர்கள். அட்டையைக் காட்டி ஒரு எலுமிச்சை வாங்க வந்தவர்கள், போகும்போது கொய்யாவும் சப்போட்டாவும் சேர்த்து வாங்கிப் போனார்கள். அட்டையில் தன் பெயரைப் பார்த்துத் தலை குனிந்து நின்ற அதே ஸ்டெல்லா, அந்த மழைக்காலத்தில் உட்கார நேரமில்லாமல் ஓடினார். ஒவ்வொரு கன்றிலும் எங்கள் வெள்ளை அட்டையையும் மணமக்களின் தங்க அட்டையையும் ஒரே நூலில் சேர்த்து, தண்டில் இரட்டை முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். அடுத்த ஆண்டு அந்தப் பக்கத்தில் செடி கொடுத்த கல்யாணக்காரர்கள், இரண்டு அட்டையும் வேண்டும் என்று தாங்களாகவே கேட்டார்கள்.

ஒரு நாள் நான் ஆய்வுக்காகப் பண்ணையில் இருந்தபோது முருகையன் வந்தார். மொட்டை மாடியில் ஒரு பெரிய தொட்டி வைத்திருப்பதாகவும், அதற்கு ஒரு எலுமிச்சை வேண்டும் என்றும் சொன்னார். நேராகப் பாத்திக்குப் போய், இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அட்டையில் குவியல் எண்ணைக் கண்ணை இடுக்கிப் படித்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்.

ஸ்டெல்லா கையை நீட்டினார். "அட்ட குடுங்க அண்ணே."

"எந்த அட்ட?"

"கல்யாண அட்ட. வர்றவங்க எல்லாரும் குடுத்துட்டுத்தான் எடுத்துட்டுப் போறாங்க."

முருகையன் சட்டைப் பையைத் தடவினார். ஊருக்கெல்லாம் கொடுத்தவர் தனக்கென்று ஒன்று எடுத்து வைக்க மறந்திருந்தார். "அத அச்சடிச்சவனே நான்தாம்மா."

"நீங்க யாருன்னு எனக்குத் தெரியும். ஆனா உங்ககிட்ட லேபிள் இல்லியே. எந்தக் கல்யாணத்துலேர்ந்து வந்தீங்கன்னு நான் எப்டி நம்புறது?"

அவர் ஆதரவுக்கு என் பக்கம் திரும்பினார். நான் என் குறிப்பேட்டில் தீவிரமாக எழுதிக்கொண்டிருந்தேன்.

கன்றை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு, வாசலில் நின்று கயல்விழிக்குத் தொலைபேசி போட்டார். "ஏம்மா, உன் கல்யாண அட்ட ஒண்ணு உங்கிட்ட இருக்குமா? ஆல்பத்துல இருக்கா? எடுத்து வை, சாயங்காலம் வரேன். இங்க ரொம்ப ஸ்ட்ரிக்ட்டா இருக்காங்க."

சொல்லிவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார். மறுவாரம் அட்டையோடு வந்து அந்தக் குவியலிலிருந்தே ஒரு கன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனதாக ஸ்டெல்லா சொன்னார். அதே குவியல்தானா என்று முருகையனுக்குச் சந்தேகமே வரவில்லையாம். குவியல் எண்ணை மனப்பாடம் பண்ணிவைத்திருந்தார்.